தொழிற்சாலைக் கழிவுநீரில் பி.ஓ.டி.: நுண்ணுயிர்க் கூட்டத்தை வைத்து மாசை அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈ.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) இயக்குபவர்கள், ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், சுற்றுச்சூழல் பொறியியல் படிப்பவர்கள், ஆலைக்குப் பக்கத்தில் கிணறும் வயலும் வைத்திருப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்குப் பதில் நீளமாக இருக்கும். தவறு அதிகம் நடக்கிற இடங்கள் அவைதான்.

நுண்ணுயிர்கள் எப்படி மாசை அளக்கும்?

கழிவுநீரில் கரைந்திருக்கும் மாவுச்சத்து, சர்க்கரை, புரதம், கொழுப்பு எல்லாமே பாக்டீரியாவுக்கு உணவு. அதை உண்டு செரிக்க அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஒரு பாட்டிலில் கழிவுநீரை அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, சில நாள் கழித்துத் திறந்து பார்த்தால் எவ்வளவு ஆக்சிஜன் குறைந்திருக்கிறதோ அதிலிருந்து எவ்வளவு உணவு இருந்தது என்று தெரிந்துவிடும். இதுதான் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, சுருக்கமாக பி.ஓ.டி. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுவார்கள்.

கழிவு ஆற்றில் கலந்தாலும் இதேதான் நடக்கும். நம் ஊர் வெயிலில், 27 டிகிரியில், ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். பி.ஓ.டி. 800 உள்ள கழிவு ஒரு லிட்டர் போய்ச் சேர்ந்தால், 100 லிட்டர் ஆற்றுநீரில் இருக்கும் ஆக்சிஜன் முழுவதையும் அதுவே கேட்கும். மீன் செத்து மிதப்பதும் தண்ணீர் கறுத்து நாறுவதும் இந்தக் கணக்கின் விளைவுதான்.

சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை) இரண்டு மணி நேரத்தில் கைக்கு வந்துவிடுகிறது. பிறகு எதற்கு நாள்கணக்கில் நுண்ணுயிரை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டும்?

சி.ஓ.டி. சோதனையில் பொட்டாசியம் டைகுரோமேட்டையும் அடர் கந்தக அமிலத்தையும் சேர்த்து 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் கொதிக்க வைக்கிறோம். எரியக்கூடிய கரிமப் பொருளில் பெரும்பகுதியை அது எரித்துவிடும். ஒரு பாக்டீரியா அதைத் தின்னுமா தின்னாதா என்ற கேள்வியே அங்கே எழாது. மொத்தச் சுமை தெரியும். அதில் எந்தப் பங்கு உயிரிச் சுத்திகரிப்பில் போகும், எந்தப் பங்கு போகாமல் நிற்கும் என்பது தெரியாது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பயன். வீட்டுச் சாக்கடை நீரில் பி.ஓ.டி., சி.ஓ.டி.யில் ஏறக்குறைய பாதி இருக்கும். இந்த விகிதம் 0.3-க்குக் கீழே போனால், காற்றூட்டி நுண்ணுயிரைக் கொண்டு கழிவைச் சுத்திகரிக்கும் ஏரேஷன் டேங்கை மட்டும் நம்பிப் பயனில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் குறைந்த விகிதத்துக்கு இரண்டு காரணம் இருக்க முடியும். கழிவு உண்மையிலேயே மட்காததாக இருக்கலாம். அல்லது பாட்டிலுக்குள் நாம் போட்ட நுண்ணுயிர்களுக்கு அதைத் தின்னத் தெரியாமல் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் முடிவெடுப்பது நம் ஆலைகளில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. இந்தப் பக்கத்தை எழுதுவதற்கு முதல் காரணமும் அதுதான்.

ஒரே வகை பாக்டீரியாவை வளர்த்துப் போட்டால் போதாதா? எதற்குக் கூட்டம்?

கழிவுநீர் ஒரே பொருளால் ஆனதில்லை. ஒன்று மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும், அந்தச் சர்க்கரையை இன்னொன்று எடுத்துக்கொள்ளும், அது வெளியேற்றும் கரிம அமிலத்தை மூன்றாவது ஒன்று உண்ணும். பாக்டீரியாவைத் தின்ன ஓரணு உயிர்கள் வரும். இந்தச் சங்கிலி முழுதாக இருந்தால்தான் ஆற்றில் செலவாகும் ஆக்சிஜனுக்குச் சமமான ஆக்சிஜன் பாட்டிலிலும் செலவாகும். தனி இனம் தனக்குப் பிடித்ததை மட்டும் தின்றுவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடும். எண் குறைவாக வரும். கழிவு நல்ல கழிவு போலத் தோன்றும்.

5 நாள் 20 டிகிரி என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. இங்கே 3 நாள் 27 டிகிரி என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி, ஊர்தான் வேறு. 1898-இல் பிரிட்டனில் கழிவுநீர் அகற்றல் குறித்த அரச ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். 1912-இல் வெளிவந்த அதன் எட்டாவது அறிக்கை 5 நாள் சோதனையை நிலைநிறுத்தியது. அந்த நாட்டு ஆறுகளின் நீர் கடலைச் சேர 5 நாளுக்கு மேல் ஆகாது என்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 20 டிகிரி அவர்கள் கோடைக்குப் பொருந்தும், நமக்குப் பொருந்தாது. நம் நாட்டில் ஐ.எஸ். 3025 என்ற இந்தியத் தரநிலையின் 44-ஆம் பகுதி 3 நாள், 27 டிகிரி என்று வகுத்திருக்கிறது. சாக்கடை நீருக்கு இரண்டு முறையிலும் கிட்டத்தட்ட ஒத்த எண்ணே வரும்.

தொழிற்சாலைக் கழிவுக்கு இந்த ஒப்புமை எப்போதும் நிற்காது. பழக்கமில்லாத பொருளைக் கண்ட நுண்ணுயிர்க் கூட்டம் முதல் ஒன்றிரண்டு நாள் திகைத்து நிற்கும்; தேவையான நொதிகளை உருவாக்கிக்கொண்ட பிறகே தின்னத் தொடங்கும். மொத்தமே மூன்று நாள்தான் என்றால் அதில் இரண்டு நாள் தயக்கத்தில் போவது பெரிய இழப்பு. 5 நாள் முறையை விட நம் 3 நாள் முறையில் இந்தப் பிசகு கடுமையாகத் தெரியும். ஆகவே நமக்கு சீட், அதாவது பாட்டிலில் நாம் போடும் நுண்ணுயிர்க் கூட்டம், விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

சோதனையை எப்படிச் செய்கிறார்கள்?

300 மில்லி பாட்டில், தேய்த்த கண்ணாடி மூடி. காய்ச்சி வடித்த நீரில் பாஸ்பேட் பஃபர், மக்னீசியம் சல்பேட், கால்சியம் குளோரைடு, ஃபெர்ரிக் குளோரைடு கரைசல்கள் ஒவ்வொன்றிலும் லிட்டருக்கு ஒரு மில்லி விட்டு, காற்றுக் குமிழ் ஓடவிட்டு ஆக்சிஜன் நிறைய வைக்க வேண்டும். இதுதான் நீர்த்தல் நீர். இதனுடன் சீட், அளந்த அளவு கழிவுநீர். நிறைத்து, ஒரு குமிழ்கூட இல்லாமல் மூடி, வாய் விளிம்பில் தண்ணீர் நிற்கும்படி அடைத்து, இருட்டான இன்குபேட்டரில் 27 டிகிரியில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பாசி ஆக்சிஜன் உற்பத்தி செய்து கணக்கைக் கெடுக்கும்.

ஆக்சிஜனை அளக்க இன்றும் பல ஆய்வகங்கள் லயோஷ் விங்க்ளர் 1888-இல் தந்த முறையைத்தான் பயன்படுத்துகின்றன. மாங்கனீஸ் சல்பேட்டை விட்டு, அடுத்து ஆல்கலி அயோடைடு அசைடு விட்டதும் பாட்டிலுக்குள் படிவு விழும். பழுப்பு நிறமானால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அந்தப் பாட்டில் கணக்கில் சேராது. அமிலம் விட்டால் பழுப்புக் கரைந்து அயோடினின் மஞ்சள் வரும். 200 மில்லி அளவை எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டால் டைட்ரேட் செய்யும்போது வைக்கோல் நிறம் வந்ததும் ஸ்டார்ச் விட வேண்டும், நீலமாகும். நீலம் மறையும் இடத்தில் பியூரெட்டைப் பார்த்தால், செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன். ஸ்டார்ச்சை அவசரப்பட்டு முன்னாடியே விட்டால் முடிவுப்புள்ளி இழுத்துக்கொண்டு போகும்.

ஒரு கணக்கு. பாட்டிலில் 3 மில்லி கழிவு, அதாவது நூற்றில் ஒரு பங்கு. முதல் நாள் ஆக்சிஜன் 7.6, மூன்றாம் நாள் 3.3. குறைந்தது 4.3. அதில் சீட் தன் பங்குக்குச் செலவழித்தது 0.7. மிச்சம் 3.6. நூறால் பெருக்கினால் பி.ஓ.டி. 360. கடைசியில் பாட்டிலில் குறைந்தது 1 மில்லிகிராமாவது மீதி இருக்க வேண்டும், குறைவு 2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பொருந்தாத பாட்டிலின் எண்ணை அறிக்கையில் ஏற்றக் கூடாது.

சீட் என்பது என்ன? எங்கிருந்து எடுப்பது?

பால் தயிராக உறைமோர் எப்படியோ, பி.ஓ.டி. பாட்டிலுக்கு சீட் அப்படி: உயிருள்ள நுண்ணுயிர்க் கூட்டத்தின் சிறு அளவு. வீட்டுச் சாக்கடையில் நுண்ணுயிர் தானாகவே ஏராளமாக இருக்கிறது. தொழிற்சாலைக் கழிவில் பெரும்பாலும் இருக்காது. கொதித்து வந்திருக்கும், காரமாகவோ அமிலமாகவோ இருக்கும், குளோரின் பட்டிருக்கும். வெளியிலிருந்து போட்டாக வேண்டும்.

எங்கே எடுக்கிறோம் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. எளிதான வழி, அருகிலுள்ள சாக்கடை நீரைத் தெளிய வைத்து மேல்நீரை எடுப்பது. உணவு ஆலை, பால் பண்ணைக் கழிவுக்கு அது போதும். கடையில் கிடைக்கும் உலர்ந்த சீட் மாத்திரைகளும் அந்த அளவுக்கே உதவும். ஆனால் துணி ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். நெசவுக்கு முன் பாவு நூலுக்கு ஏற்றும் கஞ்சி ஸ்டார்ச்சாக இருந்தால், அதைக் கழுவி நீக்கும் தண்ணீரின் பி.ஓ.டி. எந்த சீட்டிலும் உயர்வாகவே வரும். அதே கஞ்சி பாலிவினைல் ஆல்கஹாலாக இருந்தால், சாதாரண சாக்கடை சீட் அதைக் கிட்டத்தட்டத் தொடவே தொடாது. எண் சிறியதாக வரும். வாரக்கணக்கில் அந்தக் கழிவையே தின்று பழகிய ஸ்லட்ஜிலிருந்து (ஏரேஷன் டேங்கில் திரளும் நுண்ணுயிர்ச் சேறு) சீட் எடுத்தால் அதே மாதிரியில் எண் எழும்பும். தண்ணீர் மாறவில்லை, யாரிடம் கேட்டோம் என்பதுதான் மாறியிருக்கிறது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். ஆலைக்குள்ளேயே நன்றாக ஓடுகிற ஏரேஷன் டேங்க் இருந்தால் அதன் கலவையைத் தெளியவைத்து மேல்நீரை எடுங்கள். இல்லையென்றால் அந்தக் கழிவு விழும் ஓடையிலோ ஆற்றிலோ, விழும் இடத்துக்குக் கீழே 3 முதல் 8 கிலோமீட்டர் தள்ளி எடுத்த தண்ணீர் நல்ல சீட். அங்கே வாழும் உயிர்கள் அந்தக் கழிவுக்குப் பழகியவை. இரண்டும் கிடைக்காவிட்டால் நாமே பழக்க வேண்டும். ஒரு வாளி தெளிந்த சாக்கடை நீர், ஒரு மீன் தொட்டி ஏர் பம்பு. நாள்தோறும் கொஞ்சம் கழிவுநீர், மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதல் என்று ஏற்றிக்கொண்டே போங்கள். முதலில் வெள்ளை நுரை எழும்பும், பிறகு அடங்கும். கலவை பழுப்பாகி, மழை பெய்த மண்ணின் வாசனை வந்து, பம்பை நிறுத்தினால் துகள்கள் திரண்டு கீழே இறங்கி மேலே தெளிந்த நீர் நின்றால் கூட்டம் பழகிவிட்டது என்று கொள்ளலாம். முட்டை அழுகிய நாற்றம் வந்தால் காற்று போதவில்லை. ஏரேஷன் டேங்கைத் தொடங்கும்போது சாணியைக் கரைத்து ஊற்றுவது நம் ஊர் வழக்கம், டேங்குக்குச் சரி. பி.ஓ.டி. பாட்டிலுக்கு நேரடியாக அதைப் போட வேண்டாம், கரையாத நார் தன் பங்குக்கு ஆக்சிஜனை இழுக்கும்.

சீட் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லிட்டருக்குக் குளூக்கோஸ் 150 மில்லிகிராமும் குளுட்டாமிக் அமிலம் 150 மில்லிகிராமும் கரைத்த நீருக்கு 5 நாள் 20 டிகிரியில் பி.ஓ.டி. 198 வர வேண்டும், 30.5 கூடக் குறைய இருந்தால் ஏற்பார்கள். இவ்வளவு அகலமான இடைவெளி எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. உயிரோடு இருக்கும் ஒன்று தரும் விடையில் அந்த அளவு அசைவு இருக்கத்தான் செய்யும். பி.ஓ.டி. 361.4 என்று தசமப் புள்ளியோடு அச்சடித்த அறிக்கையைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: குளூக்கோஸ் சோதனையில் தேறிய சீட், சாயக் கழிவில் தேற வேண்டும் என்றில்லை. உயிரோடு இருக்கிறது என்பதற்குத்தான் அது சான்று.

நீர்க்க நீர்க்க பி.ஓ.டி. கூடிக்கொண்டே போகிறது. கணக்கில் எங்கே தவறு?

பெரும்பாலும் கணக்கில் தவறில்லை. கழிவில் நஞ்சு இருக்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரே மாதிரியை மூன்று பாட்டிலில் வைத்ததாகக் கொள்வோம். 6 மில்லி விட்டதில் சீட் போக ஆக்சிஜன் 3.0 குறைந்தது, 50-ஆல் பெருக்கினால் 150. 3 மில்லி விட்டதிலும் 3.0, 100-ஆல் பெருக்கினால் 300. ஒன்றரை மில்லி விட்டதில் 2.2, 200-ஆல் பெருக்கினால் 440. உணவு பாதியாகக் குறைந்தபோதும் ஆக்சிஜன் செலவு பாதியாகக் குறையவில்லை. ஏனென்றால் உணவோடு நஞ்சும் பாதியானது, நுண்ணுயிர்களுக்கு மூச்சு வந்தது.

இந்த நிலையில் மூன்றின் சராசரியை எடுத்து 297 என்று எழுதுவது பெருந்தவறு. 150 என்று எழுதுவது அதைவிட மோசம். நஞ்சு அதிகமாக உள்ள கழிவுக்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். எண் ஒரே இடத்தில் நிலைக்கும் வரை இன்னும் நீர்த்துப் பார்க்க வேண்டும், பழகிய சீட்டை மாற்றிப் பார்க்க வேண்டும், அறிக்கையில் நச்சுத்தன்மை தெரிகிறது என்று எழுத வேண்டும். ஒரே ஒரு நீர்த்தலில் சோதனையை முடித்துவிடும் ஆய்வகத்தில் இது கண்ணில் படவே படாது. குறைந்தது மூன்று நீர்த்தல் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

தோல், சாயம், ஜவ்வரிசி: எந்தக் கழிவில் எது தொந்தரவு?

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்துத் தோல் கழிவில் மூன்று சிக்கல். ஊறவைத்த நீரில் உப்பு மிகுதி. பழகாத நுண்ணுயிர் அதில் சுருண்டுவிடும், சி.ஓ.டி. சோதனையிலும் குளோரைடு புகுந்து எண்ணை ஏற்றிவிடும், அதைக் கட்ட மெர்குரிக் சல்பேட் போட வேண்டியிருக்கிறது. சுண்ணாம்புக் குழியிலிருந்து வரும் சல்பைடு, நுண்ணுயிர் தொடும் முன்னமே நிமிடங்களில் ஆக்சிஜனைக் குடித்துவிடும். முதல் நாள் அளவை எப்போது எடுத்தோம் என்பதைப் பொறுத்து பி.ஓ.டி. மாறும். மூன்றாவது, நுண்ணுயிருக்கு நஞ்சான குரோமியம். ஆகவே குரோம் கழிவைத் தனியே பிரித்துவைத்துச் சுத்திகரிப்பது நல்ல நடைமுறை. உப்புக்குப் பழகிய கூட்டத்தைக் கொண்டு அளக்காத தோல் கழிவு பி.ஓ.டி.யை நான் நம்புவதில்லை.

திருப்பூர், ஈரோடு சாயக் கழிவில் அசோ சாயங்கள் காற்றுள்ள இடத்தில் எளிதில் உடையாது. காற்றில்லா இடத்தில் நிறம் போகும், ஆனால் உடைந்த துண்டுகளாக அரோமேட்டிக் அமீன்கள் நிற்கும். நிறம் போனதும் மாசு போனது என்று எண்ண வேண்டாம். ப்ளீச்சிங்கில் மீந்த பெராக்சைடும் குளோரினும் பாட்டிலுக்குள் போகாமல் முதலில் நீக்க வேண்டும். குளோரினுக்கு சோடியம் சல்பைட் போதும். பெராக்சைடு இருந்தால் அது உடைந்து ஆக்சிஜனைத் தரும், எண் தலைகீழாகும்.

சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக் கழிவு நுண்ணுயிருக்கு விருந்து. பி.ஓ.டி. ஆயிரக்கணக்கில் போகும். ஒரு நாள் வைத்தாலே புளித்து அமிலமாகிவிடும் என்பதால் மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து உடனே கொண்டுவர வேண்டும், பி.எச்.சை 7 பக்கம் திருப்ப வேண்டும். மரவள்ளியிலிருந்து வரும் சயனைடு சிறு அளவில் இருக்கும், அதையும் மறக்கக் கூடாது. சாராய ஆலைக் கழிவு இன்னும் அடர்த்தி: பி.ஓ.டி. 40,000-க்கு மேல். அங்கே நீர்த்தலில் செய்யும் சிறு பிசகும் ஆயிரத்தால் பெருகும். படிப்படியாக நீர்த்தால்தான் சரிவரும்.

அம்மோனியாவும் ஆக்சிஜனை எடுக்குமே?

எடுக்கும். அம்மோனியாவாக உள்ள ஒரு மில்லிகிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். அதைச் செய்யும் பாக்டீரியாக்கள் மெதுவாக வளர்பவை; சுத்திகரிக்காத கழிவில் மூன்று நாளுக்குள் பெரிதாகத் தலைகாட்டாது. சுத்திகரித்த அவுட்லெட் நீரில் அவை ஏற்கெனவே குடியிருக்கும். கரிம மாசு மட்டும் வேண்டுமானால் அல்லைல்தயோயூரியா சேர்த்து அவற்றைத் தடுங்கள். சேர்த்ததை அறிக்கையில் குறிப்பிடுங்கள்.

மூன்று நாள் கழித்துத் தெரிந்து என்ன பயன்? அதற்குள் தண்ணீர் போய்விடுமே.

நியாயமான கேள்வி. ஆலையை ஓட்ட வேகமான வழிகள் உண்டு. கையில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் டி.ஓ. மீட்டர் இருந்தால் ஏரேஷன் டேங்க் கலவையை ஒரு பாட்டிலில் எடுத்து, ஆக்சிஜன் நிறைத்து, மூடி, கலக்கிக்கொண்டே நிமிடத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். கால் மணி நேரம் போதும். அதே ஸ்லட்ஜுக்கு அன்றைய இன்லெட் கழிவைக் கொஞ்சம் விட்டு மறுபடி பாருங்கள். வேகம் கூடினால் உணவு வந்திருக்கிறது. கூடவில்லையென்றால் தின்னக்கூடியது இல்லை. விட்டபின் முன்பைவிடக் குறைந்தால் நஞ்சு வந்திருக்கிறது; வால்வை மூடிவிட்டு சமன்தொட்டியில் தேக்குங்கள். ஒரு பைசா ரசாயனம் இல்லாத சோதனை. இதைத் தினமும் காலையில் செய்கிற ஆலைகள் ஸ்லட்ஜ் மொத்தமாகச் செத்துப்போகும் நிலைக்கு வருவது அரிது.

அழுத்தமானி வைத்த பாட்டில்களும் இருக்கின்றன. நுண்ணுயிர் விடும் கரியமில வாயுவைக் காரம் உறிஞ்சிக்கொள்ளும், ஆக்சிஜன் குறைவது அழுத்தக் குறைவாகத் தெரியும். நாள்தோறும் வளைகோடு கிடைப்பதால் முதலில் சொன்ன தயக்கக் காலத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பயோசென்சர் என்கிறார்களே, அது?

1977-இல் ஜப்பானில் இசாவ் கருபேயின் குழு, நுண்ணுயிர்களைச் சவ்வில் பொதிந்து ஆக்சிஜன் மின்முனையின் மேல் பொருத்தியது. கழிவுநீர் பட்டதும் நுண்ணுயிர் மூச்சு வாங்கும், மின்முனைக்குச் சேரும் ஆக்சிஜன் குறையும், அரை மணி நேரத்துக்குள் எண். பிறகு டிரைக்கோஸ்போரான் குட்டானியம் என்ற ஈஸ்ட் இதற்குப் பரவலாகப் பயன்பட்டது. ஜப்பான் 1990-இல் ஜே.ஐ.எஸ். கே 3602 என்று இதற்குத் தரநிலையே வகுத்தது.

குறை எங்கே என்றால், சிறு மூலக்கூறுகளைத்தான் அந்த நேரத்துக்குள் இவை தின்னும். ஸ்டார்ச்சும் புரதமும் உடையவே நேரமாகும். ஒற்றை இனத்தை வைத்தால் முன்பு சொன்ன அதே பிரச்சினை. ஒரே ஆலையின் கழிவை நாள்தோறும் ஒப்பிட நல்லது. ஆலைக்கு ஆலை ஒப்பிட ஏற்றதில்லை.

பாக்டீரியா மின்சாரம் தரும் என்பது உண்மையா? அதை வைத்து அளக்க முடியுமா?

உண்மை. 1911-இலேயே இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம். சி. பாட்டர் கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது மின்னழுத்தம் உண்டாவதைக் காட்டினார். ஜியோபாக்டர், ஷெவானெல்லா போன்றவை ஆக்சிஜன் இல்லாத இடத்தில், தின்றதிலிருந்து வரும் எலக்ட்ரான்களை நேரே மின்முனையிடம் ஒப்படைத்துவிடும். உணவு கூடினால் மின்னோட்டமும் கூடும்.

கணக்கும் சுத்தமானது. ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன் ஏற்கக்கூடிய எலக்ட்ரான்கள் சுமார் 12 கூலும். கிடைத்த மின்னூட்டத்தை எண்ணினால் பி.ஓ.டி.யை நெருங்கலாம், ஆனால் முழு எலக்ட்ரானும் கம்பி வழியே வராது, ஒரு பங்கு நுண்ணுயிரின் வளர்ச்சிக்கும் மீத்தேனுக்கும் போய்விடும், ஆகவே தரப்படுத்தல் வேண்டும். தென் கொரியாவில் பியுங் ஹாங் கிம் குழு இப்படி ஒரு சென்சாரை எந்தப் பராமரிப்பும் இல்லாமல் 5 ஆண்டுக்கு மேல் ஓட்டியதாக 2003-இல் எழுதியது. மின்முனையில் தனியாக யாரும் ஒட்டவைக்காமல், தானே குடியேறிப் பழகிய கூட்டம் என்பதால்தான் அந்த ஆயுள் என்பது என் கருத்து. ஒட்டவைத்த தனி இனம் செத்தால் சென்சார் போச்சு. கூட்டம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

நைட்ரேட்டும் கரைந்த ஆக்சிஜனும் எலக்ட்ரானைத் திருடும், எண் குறையும். திடீரென மின்னோட்டம் விழுந்தால் உணவு தீர்ந்ததா, நஞ்சு வந்ததா என்று வேறு வழியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆலையில் ஆன்லைன் பி.ஓ.டி. மீட்டர் வைத்திருக்கிறோம். அது போதாதா?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் 17 வகைத் தொழில்களுக்கு ஆன்லைன் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. ஆனால் ‘பி.ஓ.டி.’ என்று எண் காட்டும் கருவிகள் பல புற ஊதா ஒளியைத் தண்ணீரில் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து, முன்பு ஆய்வகத்தில் கண்ட பி.ஓ.டி.யோடு பொருத்திச் சொல்கின்றன. அங்கே எந்த உயிரும் இல்லை. சர்க்கரை புற ஊதா ஒளியை ஏறக்குறைய உறிஞ்சாது, சாயம் அமோகமாக உறிஞ்சும். ரகம் மாறினால், சாயம் மாறினால் பொருத்தம் குலையும். பாட்டில் பி.ஓ.டி.யோடு அடிக்கடி ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டால் பயன்படும் கருவிதான். இல்லையென்றால் திரையில் ஓடும் எண்ணுக்குப் பொருளில்லை.

நுண்ணோக்கியில் பார்த்தே சொல்லலாமா?

எண் சொல்ல முடியாது, நிலைமை சொல்லலாம். 1900-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கோல்க்விட்சும் மார்சனும் ஆற்றில் எந்த உயிர் வாழ்கிறது என்பதை வைத்தே மாசின் தரத்தைப் பிரித்தார்கள். ஏரேஷன் டேங்கிலும் அதே நெறி. காம்பில் மணி தொங்குவது போன்ற வோர்டிசெல்லா நிறைய இருந்து, வாயைச் சுற்றிலும் மயிரிழை துடித்துக்கொண்டிருந்தால் அவுட்லெட் தெளிவாக இருக்கும். கசையிழை உயிர்களும் தனி பாக்டீரியாக்களும் மட்டும் நீந்தினால் சுமை அதிகம். வோர்டிசெல்லா இருக்கிறது, ஆனால் காம்பு மட்டும் நின்று மணிகள் உதிர்ந்திருக்கின்றன என்றால் சமீபத்தில் ஏதோ நஞ்சு வந்துபோயிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். இழை பாக்டீரியா காடாக வளர்ந்தால் ஸ்லட்ஜ் இறங்காது.

அவுட்லெட் பி.ஓ.டி. 30-க்குள் வந்துவிட்டது. தண்ணீர் சுத்தம்தானே?

ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலையில் விட 30, பாசனத்துக்கு நிலத்தில் விட 100, பொதுச் சாக்கடையில் விட 350 என்பது பொது வரம்பு. 30-க்குள் இருந்தால், தண்ணீரின் ஆக்சிஜனை அது அதிகம் பறிக்காது என்று அர்த்தம். உப்பைப் பற்றி, நிறத்தைப் பற்றி, குரோமியத்தைப் பற்றி பி.ஓ.டி. எதுவும் சொல்லாது. நொய்யலிலும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழும் வயலையும் கிணற்றையும் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்கு. எந்த பாக்டீரியாவும் உப்பைத் தின்னாது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு கழிவு வெளியேறாத முறைக்குப் போனார்கள். அங்கும் பி.ஓ.டி.க்கு வேலை உண்டு: உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வுக்குள் கரிம மாசு போனால் நுண்ணுயிர் சவ்விலேயே குடியேறி அடைத்துவிடும்.

எங்கள் ஊர் ஆலையின் அறிக்கை கையில் கிடைத்தது. எதைப் பார்க்க வேண்டும்?

மாதிரி எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எங்கே எடுத்தது. ஆய்வகத்தில் சோதனை எப்போது தொடங்கியது. 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் பி.ஓ.டி. குறைந்திருக்கும். பி.ஓ.டி.க்குப் பக்கத்தில் சி.ஓ.டி. இருக்கிறதா, உள்நாட்டு நீர்நிலைக்கான 250 வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். சி.ஓ.டி. பல நூறில் நிற்க பி.ஓ.டி. மட்டும் 10, 15 என்று இருந்தால், மூன்று கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: சீட் எங்கிருந்து எடுத்தீர்கள்? எத்தனை நீர்த்தல் வைத்தீர்கள், ஒவ்வொன்றிலும் என்ன எண் வந்தது? அதே நாளில் குளூக்கோஸ் குளுட்டாமிக் அமிலச் சோதனையில் என்ன வந்தது? ஒழுங்காக வேலை செய்யும் ஆய்வகத்தில் இந்த மூன்றும் பதிவேட்டில் அன்றைய தேதியிலேயே இருக்கும். நகல் எடுத்துத் தரப் பத்து நிமிடம் போதும்.